இலையுதிர் காலமும் ஒப்புரவும்

குளிர்காலம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் உள்ளத்தில் எழுவது அயல்நாட்டுக் காட்சியே. கூரைமேல் படிந்த வெண்பனியையும், உறைந்து கிடக்கும் ஆற்றையும், அடுப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும் குடும்பத்தையும் அவர்கள் பாடநூற் படங்களில் கண்டிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசிய மண்ணில் குளிர்காலம் ஏது என்று அவர்கள் கேட்பார்களாயின், அஃது இயல்பான கேள்வியே. ஆயினும், பேராக் மாநிலத்தின் அரச நகராகிய கோலா கங்சாரைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு ஆண்டுதோறும் ஒரு குளிர்காலம் வந்துகொண்டுதான் இருந்தது. அக்குளிர்காலத்தைக் கொண்டுவந்தது பால்மரம்.

அந்தப் பருவத்தை அவர்கள் எவ்வாறு கடந்தார்கள் என்பது வரலாற்றுச் செய்தி. அதன் சுமையை அவர்கள் மட்டும் சுமந்தது முறைதானா என்பது அறம் பற்றிய கேள்வி. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரம் கொண்டுவந்த பருவம்

இரப்பர் மரம் இம்மண்ணுக்குரியதன்று. தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குரியது. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகள் இங்கிலாந்திலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கோலா கங்சாருக்கு வந்தன. அக்காலத்தில் பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரியாக விளங்கிய ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நடுவித்தார். அவற்றுள் எஞ்சியதாகப் போற்றப்படும் மரம் ஒன்று அந்நகரின் மாவட்ட அலுவலகத்தை ஒட்டி இன்றும் நிற்கிறது. கோடிக்கணக்கான மரங்களுக்கு முன்னோடியாக நின்ற அம்மரங்கள் நடப்பட்டபோது, அவற்றின் நிழலில் எத்தனை தலைமுறை மாந்தர் வாழ்வு கழியப்போகிறது என்பதை எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். நோகாமல் சீவினால் ஒரு மரம் பல ஆண்டுகள் பால் தரும் என்பது நிலைநாட்டப்பட்டது. அதன்பின் மலாயாவில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் வந்தன.

இரப்பர் மரம் தன் தாயகத்துப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. மூன்று நான்கு ஆண்டு வளர்ந்த மரம் ஒவ்வோர் ஆண்டும் தன் இலைகளை முற்றிலும் உதிர்த்துவிட்டு மீண்டும் தளிர்க்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் இது பெரும்பாலும் சனவரி முதல் மார்ச் வரை நிகழும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறட்சி தொடங்கும் வேளையில் இலைகள் பழுத்துச் சிவந்து உதிர்கின்றன. சில வாரம் மரம் வெறுங்கிளையாக நிற்கிறது. பின்னர்ச் செம்பு நிறத் தளிர் விட்டுப் பூக்கிறது. தோட்டத்துத் துரைமார் இதனை 'விண்டரிங்' என்றனர். நம்மவர் இலையுதிர் காலம் என்றனர். பெயரில் குளிர் இருந்தாலும் பருவத்தில் குளிர் இல்லை. விடியற்காலையில் சிறிது பனி இறங்கும். கதிரவன் ஏறியபின், நிழல் தர இலை இல்லாத காட்டில் வெயில் தலைமேல் நேரே விழும். காலடியில் சருகு நொறுங்கும்; எங்கேனும் ஒரு தீப்பொறி விழுந்தால் நிரை முழுவதும் பற்றிக்கொள்ளும் என்ற அச்சமும் கூடவே இருக்கும்.

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. பின்பனியைத் தொல்காப்பியர் பாலைக்கும் உரியதாக்கினார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. தை, மாசித் திங்களில் இலையிழந்து நின்ற பால்மரக்காட்டைக் கண்ட தமிழாசிரியர் ஒருவர்க்கு இவ்விலக்கணம் நினைவுக்கு வருமாயின் வியப்பில்லை. முல்லை போல் பசுமையாக இருந்த நிலம் சில வாரங்களில் பாலையாகத் திரிந்துவிடுகிறது.

இலை இல்லையேல் மரம் உணவு ஆக்க இயலாது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த உணவைக் கொண்டே அது புதுத் தளிரையும் பூவையும் உருவாக்க வேண்டும். ஆதலின் பால் குறைகிறது. அந்த வேளையில் மிகுதியாகச் சீவினால் மரம் தளர்ந்துபோகும் என்பதைத் தோட்டத்துறை அறிஞர் கண்டறிந்தனர். தளிர் முற்றும் வரை சீவுவதைக் குறைக்க வேண்டும், இயன்றால் நிறுத்த வேண்டும் என்று அவர்கள் அறிவுரை கூறினர். மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்பது அறிவியல் கண்ட உண்மை. அதனை ஏற்பதில் எவர்க்கும் தடையில்லை. ஏனெனில் மரம் சொத்து. ஆனால் அம்மரத்தை நம்பி வாழ்ந்த மனிதனின் நிலை என்ன?

லயத்து வீட்டில் இலையுதிர் காலம்

பால்மரம் சீவுவோர் விடியுமுன் எழுவர். குளிர்ந்த வைகறையில்தான் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குன்றும். எனவே நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவது வழக்கம். நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடித்து, பசியாறி, பின் மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, காண்டாவில் வாளிகளைத் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுசென்று நிறுத்த வேண்டும். நாட்கூலி ஒரு பகுதி. கொண்டுவந்த பாலின் எடைக்கும் இரப்பரின் சந்தை விலைக்கும் ஏற்ப ஏறி இறங்கும் தொகை மற்றொரு பகுதி. இதுவே பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிய கூலி முறை.

இலையுதிர் காலத்தில் மரத்தின் எண்ணிக்கை குறைவதில்லை. நடக்கும் தொலைவு குறைவதில்லை. எழும் நேரம் மாறுவதில்லை. வாளியில் விழும் பால் மட்டும் குறைகிறது. அதே உழைப்புக்குக் குறைந்த கூலி என்பதே அப்பருவத்தின் பொருள். ஆண்டின் இறுதியில் பெய்யும் அடைமழையால் பல நாள் வெட்டு நின்றுபோயிருக்கும்; பட்டை நனைந்திருந்தால் பால் காலில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். அந்த இழப்பிலிருந்து தலை தூக்குமுன்னே இலை உதிரத் தொடங்கிவிடும். அதே வேளையில் பொங்கலும் தைப்பூசமும் வரும். பள்ளித் தவணை சனவரியில் தொடங்கியதால், பிள்ளைகளுக்குச் சட்டையும் காலணியும் புத்தகமும் வாங்க வேண்டிய காலமும் அதுவே.

இதனை அக்குடும்பங்கள் எவ்வாறு தாங்கின? முதலில் உதவியது மளிகைக் கடைக் கணக்கு. '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேடு ஒன்றில் அரிசியும் பருப்பும் மீனும் கடனாக எழுதப்படும். சம்பள நாளில் ஒரு பகுதி அடைக்கப்படும். எஞ்சியது அடுத்த மாதத்துக்கு ஏறும். அடுத்ததாகப் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்த சிறு பொன் அடகுக் கடைக்குச் சென்று, மரம் தளிர்த்துப் பால் பெருகியபின் திரும்பி வரும். சில ஆண்டுகளில் திரும்பாமலும் போகும். லயத்தின் பின்புறத்தில் மரவள்ளியும் முருங்கையும் கீரையும் இருக்கும். கோழி இருக்கும், சிலர் ஆடு மாடு வளர்ப்பர். பத்துப் பேர் சேர்ந்து மாதந்தோறும் பணம் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் 'கூட்டு' என்னும் சீட்டும் உண்டு. பள்ளி திறக்கும் மாதத்தில் யாருக்குத் தேவை மிகுதியோ அவர்க்கு முறையை விட்டுக்கொடுத்தல் அதில் எழுதப்படாத விதியாக இருந்தது.

இவற்றையெல்லாம் நடத்தியவர் பெரும்பாலும் பெண்களே. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு பானையில் போட்டு வைத்த தாயின் கை, நிதியமைச்சர் எவர்க்கும் குறைந்ததன்று. தானும் விடியுமுன் எழுந்து நிரைக்குச் சென்று, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மாலையில் அடுப்பையும் கணக்கையும் ஒருசேரப் பார்த்தவர் அவரே. அவர்தம் திட்டம் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அதன் பயனாகிய பிள்ளைகள் மட்டும் வளர்ந்து நம்முன் நிற்கிறார்கள்.

பருவம் ஒன்று, சுமை வேறு

குளிர்காலத்தில் குறைவு வருவது உலக இயல்புதானே, நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததா என்று ஒருவர் வினவலாம். வினா நேர்மையானது. ஆகவே உண்மையான குளிர்நாடு ஒன்றை நோக்குவோம்.

இமயத்தின் வடபால் உள்ள லடாக்கில் குளிர்காலம் நெடியது, கொடியது. கணவாய்கள் பனியால் மூடப்படும். நிலம் உறைந்து உழவு நிற்கும். ஆனால் அதற்குமுன் வாற்கோதுமை அறுவடையாகிக் களஞ்சியம் சேர்ந்திருக்கும். பாதாமிப் பழங்கள் வெயிலில் உலர்த்தப்பட்டிருக்கும். முள்ளங்கியும் கிழங்கும் மண்ணுக்குள் குழிதோண்டிப் புதைக்கப்பட்டிருக்கும். சாணம் எரிபொருளாக அடுக்கப்பட்டிருக்கும். கால்நடைகள் வீட்டின் கீழ்த்தளத்தில் கட்டப்பட்டு, அவற்றின் வெம்மை மேல்தளத்துக்கும் உதவும். வேலை குறைந்த அம்மாதங்களிலே அம்மக்கள் கம்பளி நூற்பர், விழா எடுப்பர். அவர்தம் புத்தாண்டாகிய லோசார் குளிர்காலத்தில்தான் வருகிறது. துன்பம் இல்லை என்று கூற இயலாது. ஆயினும் அங்கே குறைவோடு ஓய்வும் சேர்ந்து வருகிறது. காரணம் வெளிப்படை. விளைந்த தானியம் உழுதவன் கையில் இருக்கிறது. ஆதலின் வளமான மாதத்தின் மிகுதி வறண்ட மாதத்துக்குச் சென்று சேர்கிறது.

பால்மரக்காட்டில் இவ்விணைப்பு அறுந்துபோயிற்று. நல்ல மாதத்தில் பெருகிய பாலின் மிகுதி தோட்டத்தின் ஆண்டுக் கணக்கில் சேர்ந்தது. குறைந்த மாதத்தின் குறைவு சீவுவோன் வீட்டு உலையில் சேர்ந்தது. குளிர்நாட்டு உழவனுக்குப் பருவம் ஓய்வோடு கூடிய குறைவைத் தந்தது. நம் தொழிலாளிக்கு ஓய்வில்லாக் குறைவைத் தந்தது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைக் கற்ற ஆசிரியர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. நக்கீரர் அதில் கூதிர்க்காலத்தின் குளிரை விரிக்கிறார். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு ஆநிரையை ஓட்டிச் சென்ற கோவலர் நெருப்பில் கை காய்ச்சி நடுங்குகின்றனர். மாட நகரிலோ விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன, சாளரங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன, சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. வாடை ஒன்றே, ஆனால் ஒருவர்க்கு அது விசிறியை மாட்டி வைக்கும் காலம், மற்றவர்க்கு உயிர் நடுங்கும் காலம். பாட்டின் இறுதியிலே அரசன் பாசறையில் இரவு முழுதும் துயிலாமல், அந்த வாடைக் காற்றிலேயே வெளியே வந்து, புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறுகின்றான். பருவத்தை அவனால் மாற்ற இயலவில்லை. பருவத்தின் துன்பத்தில் பங்கு கொள்ள இயன்றது. தலைமைக்குரிய அறத்தைப் புலவர் இவ்வாறு வைத்துக் காட்டினார் என்று கொள்ளலாம்.

சேமிப்பு என்னும் அறிவுரை

தோட்டத் தொழிலாளர்க்குக் கூறப்பட்ட அறிவுரைகளுள் மிகப் பழையது, சேமியுங்கள் என்பது. கள்ளுக்கடைக்குச் செல்லாதீர், திருவிழாவில் வீண் செலவு செய்யாதீர், எறும்பைப் பாருங்கள் என்று மேடைதோறும் கூறினர். இவ்வறிவுரையில் உண்மை இல்லாமல் இல்லை. கள்ளால் கெட்ட குடும்பங்கள் இருந்தன. அதனை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. சிக்கனத்தால் உயர்ந்த குடும்பங்களும் இருந்தன.

ஆயினும் எறும்பு கதையில் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். எறும்பு தான் தேடிய தானியம் முழுவதையும் தன் வளைக்குக் கொண்டுசெல்கிறது. வழியில் எவரும் அதனை எடை போட்டு, ஒரு நாளைக்குப் போதுமானதை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. சேமிப்பு என்னும் பண்புக்கு மிகுதி என்னும் நிலம் வேண்டும். நிலமே இல்லாதவனிடம் நன்றாக உழு என்பது போன்றதே, மிகுதி இல்லாதவனிடம் நன்றாகச் சேமி என்பது. மேலும், சேமிப்பை அறிவுறுத்திய பலர் மாதச் சம்பளம் பெற்றவர்கள். அவர்தம் சம்பளத்தில் இலை உதிர்வதில்லை. தோட்டத்து அலுவலகத்தில் எழுதிய கிராணிக்குப் பிப்ரவரியும் ஆகஸ்டும் ஒன்றே. ஒரே தோட்டத்தில், ஒரே மரத்தை நம்பி வாழ்ந்தவருள் சிலர்க்குப் பருவம் இருந்தது, சிலர்க்குப் பருவம் இல்லை. இது மரம் செய்த வேறுபாடன்று. கணக்குப் புத்தகம் செய்த வேறுபாடு.

ஆகவே சிக்கனத்தை நாம் இகழ வேண்டியதில்லை. சிக்கனத்தை அறிவுறுத்திவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுவதையே கண்டிக்க வேண்டும். வறியவனிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும் பண்பு அறமாகாது. அது வசதியுள்ளவர் தம் மனச்சான்றை உறங்க வைக்கும் தாலாட்டாகிவிடும்.

இயற்கையின் செயலுக்கு யார் பொறுப்பு?

இன்னொரு வாதமும் உண்டு. இலை உதிர்வது இயற்கை. அதற்கு எவரும் பொறுப்பல்லர். முதலாளிக்கும் அப்பருவத்தில் இழப்புத்தானே என்பர். இதனை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. இழப்பு இருவர்க்கும் உண்டு என்பது மெய்யே.

ஆனால் எதிர்பாராது வரும் இடரும், ஆண்டுதோறும் தவறாமல் வரும் குறைவும் ஒன்றாகா. புயல் இடர், இலையுதிர்வு கணக்கு. எந்த மாதத்தில் எவ்வளவு குறையும் என்பதைத் தோட்ட நிருவாகம் முன்னரே அறியும். ஆண்டு வரவு செலவில் அதனையும் சேர்த்தே மதிப்பிடும். முதலுக்குப் பன்னிரண்டு மாதம் என்னும் அளவு உண்டு. வயிற்றுக்கு ஒரு நாள் என்பதே அளவு. முன்னரே தெரிந்த குறைவை, அதனைத் தாங்கும் வலிமை மிகக் குறைந்தவன் தலையில் வைத்துவிட்டு இயற்கையைக் காட்டுவது, நடுவுநிலைமை ஆகாது. மழையை மனிதன் பெய்விப்பதில்லை. ஆனால் யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பதை மனிதர்தாம் முடிவு செய்கின்றனர்.

விலைக்கும் ஓர் இலையுதிர் காலம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பர் விலை சரிந்தபோது, பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இலை உதிர்ந்த மரத்தை எவரும் வெட்டி எறிவதில்லை. மீண்டும் தளிர்க்கும் என்று காத்திருப்பர். மனிதனுக்கு அந்தக் காத்திருப்புக்கூடக் கிட்டவில்லை. மரத்தினும் மனிதன் மலிந்துபோன காலம் அது.

இவ்வநீதியைச் சட்டமும் ஓரளவு உணர்ந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், நாட்கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளர்க்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும் என்றது. தர இயலாவிடின், வேலை செய்ய மனம் உடையவர்க்கு அந்நாட்களுக்கும் கூலி தர வேண்டும் என்றது. இதில் ஓர் உயர்ந்த கொள்கை அடங்கியுள்ளது. உழைக்க ஆயத்தமாக நிற்பவன், வேலை இல்லை என்பதற்காகப் பட்டினி கிடக்கலாகாது என்பதே அது. ஆயினும் சட்டம் நாளைக் காத்ததே அன்றிப் பாலைக் காக்கவில்லை. எடைக்கேற்ற கூலியில் ஏற்பட்ட இறக்கம் தொடர்ந்தது. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வுக்காகப் பலமுறை பேச்சு நடத்தியது. தோட்டத் தொழிலாளர்க்கும் மாதச் சம்பளம் வேண்டும் என்ற குரல் பின்னர் ஓங்கி ஒலித்தது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013ஆம் ஆண்டு சனவரியில் தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட் என்று நடைமுறைக்கு வந்தபோது, இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சீவிய குடும்பங்கள் பெரும்பாலும் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்துவிட்டன. நீதி வந்தது, அதனைப் பெற வேண்டியவருள் பலர் அதற்குள் சென்றுவிட்டனர்.

ஈகைக்கு முன் ஒப்புரவு

திருக்குறளில் 'ஈகை' என்னும் அதிகாரத்துக்கு முன்னே 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரத்தை வள்ளுவர் வைத்துள்ளார். இவ்வைப்பு முறை எண்ணத்தக்கது. ஈகை என்பது இல்லை என்று வந்தவர்க்குக் கொடுத்தல். ஒப்புரவு என்பது சேர்ந்து வாழும் உலகத்தின் நடையை அறிந்து, பிறரும் தம்மைப் போல் வாழ உரியவர் என உணர்ந்து ஒழுகுதல். ஈகையில் கொடுப்பவன் ஒருவன் நிற்கிறான், கைநீட்டுபவன் ஒருவன் நிற்கிறான். ஒப்புரவில் கைநீட்ட வேண்டிய நிலையே வராமற் காக்கப்படுகிறது. முன்னது துன்பம் வந்தபின் துடைப்பது. பின்னது துன்பம் ஒருவர் தலையில் மட்டும் விழாமல் பகிர்ந்துகொள்வது.

லயத்து மக்கள் கூட்டுக் கட்டியதும், முறையை விட்டுக்கொடுத்ததும், அடுத்த வீட்டு அடுப்பில் புகை எழாததைக் கண்டு ஒரு கிண்ணம் அரிசியைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பியதும் ஒப்புரவின் வடிவங்களே. அவர்கள் குறளை ஓதியிருக்கலாம், ஓதாதிருக்கலாம், அதன்படி நின்றனர். ஆனால் இதனைப் புகழும்போது நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஏழைகள் தம்முள் உதவிக்கொண்டார்கள் என்ற பெருமையைப் பாடிப் பாடி, அவர்க்கு உரியது மறுக்கப்பட்டதை மறந்துவிடல் எளிது. இல்லாதவர் இல்லாதவர்க்குப் பகிர்ந்தது பெருமை; உள்ளவர் அப்பகிர்வில் சேராதது குறை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தல் தகாது.

ஒப்புரவைத் தோட்ட எல்லைக்கு அப்பாலும் கொண்டுசெல்ல முயன்றவர் உளர். கோலா கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்த சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளரே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வேண்டும் என்பது அவர் கருத்து. இதன் அறப்பொருள் ஆழமானது. மரத்தின் குறைவில் பங்கு கொண்டவன் அதன் மிகுதியிலும் பங்கு கொள்ள வேண்டும். அப்போதுதான் லடாக்கின் உழவனைப் போல் நல்ல மாதத்தைக் கொண்டு வறண்ட மாதத்தை அவனால் கடக்க இயலும்.

இன்றைய குளிர்காலம்

இவையெல்லாம் கடந்துபோன செய்திகள். இன்று நம் பிள்ளைகள் பால்மரத்தைப் படத்தில்தான் காண்கிறார்கள் என்று கூறி இதனை மூடிவிடலாமா? இயலாது. மரம் மாறினாலும் பருவம் மாறவில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று கொள்ளைநோய்க் காரணமாக நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாடு முழுவதும் ஒரு பெருங் குளிர்காலத்துள் நுழைந்தது போல வீடுகள் அடைந்தன. மாதச் சம்பளம் பெற்றவர்க்கு அஃது அச்சமும் அலுப்பும் கலந்த ஓய்வாக இருந்தது; நாட்கூலிக்கு உழைத்தவர்க்கும் சாலையோரம் விற்றவர்க்கும் முதல் வாரத்திலேயே இலை உதிர்ந்தது. 2021ஆம் ஆண்டின் நடுவில், உணவில்லாதவர் தம் வீட்டு முன் வெள்ளைக்கொடி ஏற்றலாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவிற்று. கொடியைக் கண்ட அண்டை அயலார் இனம் சமயம் பாராமல் அரிசியும் எண்ணெயும் கொண்டுசென்று கொடுத்தனர். நம் நாட்டு மக்களின் நல்லுள்ளத்துக்கு அது சான்று. ஆயினும், ஒருவன் தன் வறுமையைக் கொடியாக ஏற்றிக் காட்டிய பின்னரே அவன் பசி நமக்குத் தெரிந்தது என்பதும் எண்ணத்தக்கது. ஈகை விரைந்து வந்தது. ஒப்புரவு எங்கே தாமதித்தது?

இன்று செம்பனைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைப்பவருள் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டனார் கப்பலேறி வந்ததைப் போலவே அவர்களும் கடன் சுமந்து வந்திருக்கிறார்கள். வேலை குறையும் மாதம் முதலில் அவர்களைத் தாக்குகிறது. தன் முன்னோர் பட்ட துன்பத்தை நினைவுகூர்ந்து கண்ணீர் விடுவது எளிது. அத்துன்பம் இன்று வேறொரு மொழி பேசும் ஒருவன் முகத்தில் தோன்றும்போது அதனை இனங்காண்பதே அந்நினைவுக்கு நாம் செய்யும் மதிப்பு. தன் குலத்தின் துயரை மட்டும் துயர் என எண்ணும் உள்ளம், நெடுநல்வாடையைப் படித்தும் சாளரத்தை அடைத்துக்கொண்ட மாட மாளிகையின் உள்ளமே.

நம் மாணவர்க்கு இதிலிருந்து எதனைக் கற்பிப்பது? பருவம் மாறி மாறி வரும் என்பதையும், குறைந்த காலத்துக்கு நிறைந்த காலத்தில் ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதையும் கற்பிக்கத்தான் வேண்டும். அத்தோடு ஒரு கேள்வியையும் அவர்கள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். எந்தக் குறைவு வந்தாலும், இதனை வரவழைத்தது யார் என்று கேட்பதோடு நில்லாமல், இதனைச் சுமப்பவர் யார் என்றும் அவர்கள் கேட்டுப் பழக வேண்டும். முதற் கேள்விக்கு விடை சில வேளை இயற்கையாக இருக்கும். இரண்டாம் கேள்விக்கு விடை எப்போதும் மனிதரிடமே இருக்கிறது. ஆகவே அதனை மாற்றவும் மனிதரால் இயலும்.